புது வீட்டில் வழி தெரியாத அப்பத்தாவுக்குப் பழைய வீட்டில் மட்டும் வழி தெரிவது எப்படி? நினைவைப் பற்றி உயிரியல் என்ன சொல்கிறது?

கேள்வி: கானாடுகாத்தான் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவள் என்றாலும், என் வீட்டில் கண்ணெதிரே நடப்பதற்கு அந்தப் பாடத்தில் விடை கிடைக்கவில்லை. மனத்தை உயிரியல் வழியே ஆராயும் துறையில் பயிற்சி உள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. மறதி நோய் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டது என்றும், அது பெரும்பாலும் அல்சைமராகத்தான் இருக்க வேண்டும் என்றும் நரம்பியல் மருத்துவர் கூறியிருக்கிறார். காலைப் பலகாரம் சாப்பிட்டுக் கைகழுவிய சிறிது நேரத்திலேயே, இன்னும் ஒன்றும் தரவில்லையே என்று கேட்கிறார். நேற்று வந்து போன உறவினரைப் பற்றிச் சொன்னால் வியப்புடன் பார்க்கிறார். ஆனால் பனையோலையைக் கையில் கொடுத்துவிட்டால் கொட்டான் முடைகிறார். விரல்கள் எங்கும் தடுமாறுவதில்லை. தம்முடைய அப்பச்சி 1960-களில் ரங்கூன் கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய நாளை, யார் எங்கே நின்றார்கள் என்பது வரை சொல்கிறார்.

சென்ற ஆண்டு சித்தப்பா அவரைச் சென்னையில் உள்ள தம் அடுக்ககத்துக்கு அழைத்துச் சென்றார். அது சிறிய வீடுதான். படுக்கையறையை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே குளியலறை. மாதக்கணக்கில் அங்கே இருந்தும் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. இரவில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார், அழுவார். ஊருக்குத் திரும்பியதும், முகப்பிலிருந்து வளவைக் கடந்து இரண்டாங்கட்டுக்கும், அங்கிருந்து கிணற்றடிக்கும் விளக்கில்லாமலே போய் வருகிறார். இந்த வீடு அதைப்போல் பல மடங்கு பெரியது.

இப்போது குடும்பத்தில் அவரை நிரந்தரமாகச் சென்னைக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அப்பாவுக்கும் உடல்நலம் சரியில்லை. நான் பள்ளிக்குப் போனால் பகலில் வீட்டில் ஆள் இல்லை. ஒரே மூளையில் பாதி நினைவு போய்ப் பாதி நிற்பது எப்படி என்பது என் முதல் கேள்வி. மூளையின் பகுதிகளுக்குப் பெயர் சூட்டுவதைத் தாண்டி, இந்தத் துறை இத்தகைய முடிவுகளில் ஏதேனும் உதவுமா என்பது இரண்டாவது.


பதில்: காரைக்குடி, ஓய்வுபெற்ற உடலியல் பேராசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் வீட்டில் காண்பது விதிவிலக்கு அன்று; நினைவைப் பற்றிய இன்றைய உயிரியல் ஆய்வே இப்படிப்பட்ட ஒரு முரணிலிருந்துதான் தொடங்கியது. நினைவை ஒற்றை ஆற்றலாக எண்ணிக்கொண்டிருக்கும் வரையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடையாது. அது பல ஆற்றல்களின் தொகுதி என்பதையும், அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று இயங்கக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொண்டால், நீங்கள் விவரித்த ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியவரும்.

இதை உலகம் அறிந்துகொண்டது அமெரிக்காவில் வாழ்ந்த ஹென்றி மொலைசன் என்ற நோயாளியால். கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு 1953-ல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கப் பொட்டுக் கதுப்புகளின் உட்பகுதியையும், அங்குள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதியோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அறிவுக்கூர்மையும் பேச்சும் அப்படியே இருந்தன. இளமைக்கால நினைவுகளும் இருந்தன. ஆனால் அறுவைக்குப் பின் நடந்த எதையும் அவரால் மனத்தில் இருத்திக்கொள்ள முடியவில்லை. சற்றுமுன் பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டு வெளியேறித் திரும்பி வந்தால், முதன்முறையாகச் சந்திப்பவரைப் போல வரவேற்றார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைச் சோதித்து, ஸ்கோவிலுடன் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் திருப்புமுனை.

அதன் பின்னர் மில்னர் செய்த ஒரு சோதனையை நான் என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் செய்துகாட்டியிருக்கிறேன். நீங்களும் வகுப்பில் செய்யலாம். ஒரு நட்சத்திரத்தை இரட்டைக் கோட்டில் வரைந்துவிட்டு, தாளை நேரே பார்க்க முடியாதபடி மறைத்து, கண்ணாடியில் தெரியும் அதன் உருவத்தை மட்டும் பார்த்தவாறே இரு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலை ஓட்டச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் கை எதிர்த்திசையில் போகும். பழகப் பழகச் சரியாகும். மொலைசனுக்கும் அப்படியே சரியானது. மூன்று நாள்களில் அவருடைய பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் மூன்றாம் நாளிலும், இதை முன்பு செய்த நினைவே தமக்கு இல்லை என்றார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. செய்திறன் நினைவு, அதாவது கை பழகித் தேறும் நினைவு, ஹிப்போகேம்பஸைச் சார்ந்தது அன்று, சிறுமூளையையும் பெருமூளையின் அடியிலுள்ள நரம்புத் திரள்களையும் சார்ந்தது என்ற முடிவுக்கு இத்தகைய சோதனைகள்தான் வழிவகுத்தன. அப்பத்தாவின் கொட்டானுக்கும் இதுவே விளக்கம்.

வீட்டு வழியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஈ.பி. என்ற தலைப்பெழுத்துகளால் அறியப்பட்ட ஒரு முதியவருக்கு 1992-ல் மூளையழற்சி வந்து, இரு பக்க ஹிப்போகேம்பஸும் முற்றிலும் அழிந்தன. நோய்க்குப் பின் அவர் சான்டியாகோ பகுதியில் ஒரு புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். லாரி ஸ்குவையரும் அவருடன் பணியாற்றிய எட்மண்ட் டெங்கும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அவர் வளர்ந்த ஊரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே விட்டு வந்த ஊர் அது. அவர் சரியாகச் சொன்னார். முதன்மைச் சாலை அடைபட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மாற்றுவழியும் சொன்னார். அதே ஊரில் வளர்ந்த அவர் வயதுக்காரர்களுக்கு அவர் எவ்வகையிலும் குறைந்தவராக இல்லை. ஆனால் நோய்க்குப் பின் குடிவந்து, அப்போது வாழ்ந்துகொண்டிருந்த தெருக்களைப் பற்றி அவரால் ஒரு கேள்விக்குக்கூட விடை சொல்ல முடியவில்லை. கானாடுகாத்தான் வளவும் சென்னைக் குளியலறையும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

காரணத்தை நம் ஊர்க் கணக்கு முறையை வைத்துச் சொல்லலாம். அன்றன்று நடந்த வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பின்னர் அதைப் பேரேட்டில் உரிய தலைப்பில் ஏற்றுவார்கள். புதிய நிகழ்ச்சிகளும் புதிய இடங்களும் முதலில் ஹிப்போகேம்பஸின் துணையோடுதான் பதிவாகின்றன. காலப்போக்கில், பெரும்பாலும் உறக்கத்தின்போது, அவை பெருமூளைப் புறணி என்ற மேலடுக்கின் பரந்த இணைப்புகளில் நிலைபெறுகின்றன. சிட்டை எழுத ஆள் இல்லாமற்போனால் புதுக்கணக்கு ஏறாது. பேரேட்டில் முன்பே ஏறியவை நிற்கும். இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. பழைய நிகழ்ச்சியாக இருந்தாலும் அதைக் காட்சியாக, விவரத்தோடு மீட்டெடுப்பதற்கு ஹிப்போகேம்பஸ் எப்போதும் வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1990-களில் தொடங்கிய அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அப்பத்தா ரங்கூன் கதையை ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் சொல்கிறாரா, கேள்வி கேட்டால் புது விவரம் தருகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். ஒரே சொற்கள் என்றால் அது பேரேட்டில் நிலைபெற்ற கதை; புது விவரம் வந்தால் காட்சியையே மீட்டெடுக்கிறார் எனலாம்.

அல்சைமர் நோய் இந்த அமைப்பைத் தாக்கும் வரிசையும் இதனோடு பொருந்துகிறது. 1901-ல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணி 1906-ல் இறந்தபின், அலோயிஸ் அல்சைமர் அவருடைய மூளையை வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, நரம்பு செல்களுக்கு வெளியே படிந்த படலங்களையும் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் விவரித்தார். முன்னவை அமிலாய்டு புரதம், பின்னவை டௌ புரதம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. டௌ இழைகள் ஹிப்போகேம்பஸுக்குள் செய்திகள் நுழையும் வாயிலில் உள்ள புறணிப் பகுதியில் முதலில் தோன்றி, ஹிப்போகேம்பஸுக்குப் பரவி, பிறகே மற்றப் பகுதிகளுக்குச் செல்கின்றன என்று பிராக் தம்பதியர் 1991-ல் வகைப்படுத்திக் காட்டினார்கள். உடலியக்கத்துக்குரிய புறணி கடைசியாகத்தான் பாதிக்கப்படுகிறது. அதனால்தான் சென்ற வாரம் போய்விட்டது, விரல் நிற்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் மிகவும் பயன்படும். ஹிப்போகேம்பஸ் சிதைந்தவர்களுக்குத் துயரமான திரைக்காட்சிகளையும் மகிழ்ச்சியான திரைக்காட்சிகளையும் காட்டி 2010-ல் அயோவா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்ன பார்த்தோம் என்பது சில நிமிடங்களில் மறந்துபோனது. உண்டான துயரமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. 2014-ல் அல்சைமர் நோயாளிகளிடமும் அதே முடிவு கிடைத்தது. காலையில் ஒருவர் கடிந்து பேசியது அப்பத்தாவுக்கு மறந்துவிடும், ஆனால் அந்த வருத்தம் மறையாது. காரணம் தெரியாத வருத்தமாக அது நீடிக்கும். 'சற்றுமுன்தானே சாப்பிட்டீர்கள்' என்று திரும்பத் திரும்பத் திருத்துவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஆய்வே அடிப்படை.


பதில்: தேவகோட்டை வாசகர்

பேராசிரியர் ஐயாவின் விளக்கத்தை இருமுறை படித்தேன். நான் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன். இத்துறையில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தயக்கமும் உண்டு.

மனத்தை மூளையில் தேடும் ஆய்வுகள் நாளிதழ்களில் எப்படி வருகின்றன என்பதை எல்லோரும் பார்க்கிறோம். மூளையின் படம் ஒன்று இருக்கும். அதில் ஓரிடம் சிவந்திருக்கும். அன்பு இங்கே இருக்கிறது, பக்தி இங்கே இருக்கிறது என்று தலைப்பு இருக்கும். அந்தப் படத்தை எடுக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவி நேரடியாக அளப்பது எண்ணத்தை அன்று, குருதியில் உள்ள ஆக்சிஜன் மாற்றத்தை. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இறந்த சால்மன் மீன் ஒன்றை அந்தக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, வழக்கமான கணக்கீட்டில் உரிய திருத்தங்களைச் செய்யாவிட்டால் செத்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரியும் என்று நிறுவினார்கள். தம் துறையின் கவனக்குறைவைத் தாமே சுட்டிய அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கவனக்குறைவோடு வெளியான எத்தனை முடிவுகள் இன்னும் பாடமாக நடத்தப்படுகின்றன?

தனி நோயாளிகளை வைத்துக் கட்டும் முடிவுகளிலும் இடர் இருக்கிறது. 1848-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை வேலையின்போது இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துச் சென்ற ஃபினியஸ் கேஜ் என்பவர், அதன்பின் ஒழுங்கில்லாத, கட்டுப்பாடற்ற மனிதராகிவிட்டார் என்றுதான் ஒவ்வொரு பாடநூலும் சொல்கிறது. அவர் பின்னர் சிலி நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பெரும்பாலான நூல்கள் விட்டுவிடுகின்றன. நேரம் தவறாமல் குதிரைகளைப் பேணி, பயணிகளிடம் பேசி, கடினமான பாதையில் வண்டி ஓட்டியவரின் மனம் அழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

என் முதன்மையான கருத்து இதுதான். ஆசிரியையின் அப்பத்தாவுக்கு வழி தெரிவதற்கு அவருடைய பெருமூளைப் புறணி மட்டுமா காரணம்? முகப்புத் திண்ணையின் உயரம், வளவுத் தூண்களின் இடைவெளி, ஆத்தங்குடிக் கல் பாதத்தில் படும் குளிர்ச்சி, மழைநீர் விழும் முற்றத்தின் வெளிச்சம், இரண்டாங்கட்டிலிருந்து வரும் அடுப்புப் புகையின் மணம் ஆகிய ஒவ்வொன்றும் அவரை அடுத்த அடிக்கு அழைத்துச் செல்கிறது. அந்த வீட்டில் அவரை ஆச்சி என்று அழைக்கும் குரல்கள் இருக்கின்றன. மண்டை ஓட்டுக்குள் இருப்பதை மட்டும் மனம் என்று எடுத்துக்கொண்டால், அவரை இடம் மாற்றுவதால் எதை வெட்டி எறிகிறோம் என்பது நம் கணக்கில் வராமலே போய்விடும்.


பதில்: பள்ளத்தூர் செவிலியர்

நான் முதியோர் பராமரிப்பில் பணியாற்றுகிறவள். இரு பெரியவர்களும் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதற்கு முன் உடல் சார்ந்த சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மறதி என்றவுடன் எல்லாவற்றையும் அல்சைமரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முதுமையில் வரும் மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவை நினைவைக் குறைக்கும். இவற்றைச் சரிசெய்தால் ஓரளவாவது மீட்சி கிடைக்கும். நம் பக்கத்தில் முதிய பெண்மணிகள் பலர் சைவ உணவு மட்டும் உண்பவர்கள்; பி12 பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். சில நாள்களுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால், அது மறதி நோயின் முன்னேற்றமாக இருப்பதைவிடச் சிறுநீர்த் தொற்றாகவோ நீரிழப்பாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சல் இல்லாமலும் இது வரும்.

காது கேட்கிறதா என்பதையும் பாருங்கள். மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய காரணங்களை 2024-ல் வரிசைப்படுத்திய லான்செட் இதழின் ஆணையம், கேட்புத்திறன் குறைவை அவற்றுள் முதன்மையான சிலவற்றில் ஒன்றாக வைத்திருக்கிறது. காதில் விழாததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டார் அதையும் மறதி என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

சென்னையில் இரவில் அவர் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொழுது சாயும் நேரத்திலிருந்து குழப்பம் கூடுவது இந்நோயில் மிகவும் பரவலாகக் காணப்படுவது. எந்த வீட்டில் இருந்தாலும் படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு முழுவதும் மெல்லிய விளக்கு எரியட்டும். கானாடுகாத்தானில் கிணற்றடிக்கு விளக்கில்லாமல் போகிறார் என்பதைப் படித்து எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் வந்தது. வழி அவருக்குத் தெரியும். ஆனால் ஈரமான கல் வழுக்கினால் கால் தாங்காது. இடுப்பெலும்பு முறிந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லாமல் போய்விடும். கிணற்றுக்கு மூடி போடுங்கள்.


தொடர் கேள்வி: கானாடுகாத்தான் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பி12, தைராய்டு இரண்டும் பார்க்கப்பட்டன, குறையில்லை. காதுப் பரிசோதனை செய்யவில்லை, இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். கிணற்று மூடிக்கும் சொல்லியாகிவிட்டது.

ரங்கூன் கதையைப் பற்றிப் பேராசிரியர் கேட்டதைக் கவனித்துப் பார்த்தேன். ஒரே சொற்களில்தான் சொல்கிறார்; இடையில் ஒன்று கேட்டால் விடை சொல்லாமல் தொடக்கத்துக்குப் போய்விடுகிறார். இன்னும் இரண்டு ஐயங்கள். டோனெப்பசில் என்ற மாத்திரை தருகிறோம். அது எதைச் செய்கிறது? வேறு வழியே இல்லாமல் சென்னைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், புதிய வீட்டை அவர் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடையாதா?


பதில்: காரைக்குடி, ஓய்வுபெற்ற உடலியல் பேராசிரியர்

முதலில் தேவகோட்டை நண்பருக்கு. மூளைப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. அதனால்தான் என் முந்தைய பதிலில் ஒரு படத்தைக்கூடச் சான்றாக வைக்கவில்லை. ஒரு பகுதி செயல்படும்போது ஒரு மனநிலை உடன் தோன்றுகிறது என்பதை மட்டும் படம் காட்டும். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அந்த மனநிலை இருக்குமா என்பதைக் காட்டாது. ஒன்றை நீக்கினால் எது போகிறது, திரும்பக் கொடுத்தால் எது வருகிறது என்று பார்ப்பதே இத்துறையின் வலுவான முறை. கேஜைப் பற்றியும் நீங்கள் சொல்வது சரி. அவர் காலத்தில் முறையான சோதனை எதுவும் நடக்கவில்லை. மொலைசன் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சோதிக்கப்பட்டார். 2008-ல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக்கி, அறுவையில் எது நீங்கியது, எது எஞ்சியது என்று மீண்டும் சரிபார்த்தார்கள். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி நாம் எண்ணியதைவிட அதிகமாக எஞ்சியிருந்ததும் அப்படித்தான் தெளிவானது. அவர் ஒருவரை மட்டும் நம்பாமல் ஈ.பி.யைப் போன்ற பிறரையும், குரங்குகளையும், எலிகளையும் கொண்டு அதே முடிவு சோதிக்கப்பட்டிருக்கிறது. எலி ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் தனி நரம்பு செல்களை ஜான் ஓ'கீஃப் 1971-ல் கண்டறிந்ததும் ஹிப்போகேம்பஸில்தான். அதற்காக 2014-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நீக்கிப் பார்ப்பது, திரும்பக் கொடுப்பது என்ற இந்த முறைக்கு நம் நாட்டோடு தொடர்புடைய அழகான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சர்ப்பகந்தி வேர் பித்துக்கும் பாம்புக்கடிக்கும் நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் கல்கத்தாவிலிருந்து, அது மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் குருதி அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு செல்கள் தமக்குள் சேமித்து வைத்திருக்கும் டோபமைன் போன்ற வேதிப்பொருள்களை அது தீர்த்துவிடுகிறது. 1950-களின் பிற்பகுதியில் ஆர்விட் கார்ல்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் முயல்களுக்கு அதைக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கான மருந்து அந்த முயல்களிலிருந்து வந்தது. இதில் எச்சரிக்கையும் இருக்கிறது: ரெசர்பைன் மனச்சோர்வை உண்டாக்கும் என்று பல காலம் எழுதினார்கள், பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. முயலின் உடலியக்கத்தைப் பற்றித் தெளிவாகப் பேசிய அதே வேதியியல், மனிதரின் துயரத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

வீடும் மனத்தின் பகுதிதான் என்ற உங்கள் கருத்தை நான் மறுக்கவில்லை. ஹிப்போகேம்பஸ் தளர்ந்தவருக்குச் சுற்றுப்புறத்தின் துணை மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

ஆசிரியை கேட்ட மாத்திரையைப் பற்றி. 1921-ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டி, அது இருந்த நீரை மற்றதன்மேல் செலுத்தியபோது இரண்டாவதும் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். அல்சைமர் நோயில் இதைச் சுரந்து பெருமூளைக்கு அனுப்பும் செல்கள் அழிகின்றன. மிஞ்சியிருப்பது சிதையாமல் டோனெப்பசில் தடுக்கிறது; சிலருக்குக் கவனமும் அன்றாடச் செயலும் ஓரளவு மேம்படும். செல்கள் அழிவதை அது நிறுத்தாது. நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காரணம் லோவியின் தவளையில் இருக்கிறது.

புதிய வீட்டைக் கற்க முடியுமா என்பதற்கு வருகிறேன். ஈ.பி.யைப் பற்றிய இன்னோர் ஆய்வு 2005-ல் வெளியானது. இரண்டிரண்டாக வைக்கப்படும் பொருள்களில் எது 'சரியானது' என்பதை அவருக்கு வாரக்கணக்கில் பயிற்றினார்கள். ஒவ்வொரு முறையும் தாம் அங்கு வந்த நினைவே அவருக்கு இருந்ததில்லை. ஆனால் மெல்ல மெல்ல அவர் கை சரியான பொருளுக்குப் போகத் தொடங்கி, கடைசியில் ஏறக்குறைய பிழையே இல்லாமற்போயிற்று. நம்மைப் போன்றவர்கள் ஓரிரு அமர்வுகளில் கற்பதை அவர் பழக்கத்தின் வழியாக, மிகுந்த தாமதத்தோடு கற்றார். அந்தக் கல்வி விறைப்பானது. பொருள்களை வரிசை மாற்றி மொத்தமாகக் குவித்துவிட்டுப் பிரிக்கச் சொன்னபோது அவரால் முடியவில்லை.

ஆகவே வாய்ப்பு உண்டு, ஆனால் வழக்கமான முறையில் இல்லை. சென்னை வீட்டில் அவருடைய கட்டிலை ஊரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்துப் போடுங்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே வழியில், ஒரே கையைப் பிடித்து, அவர் தவறான கதவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அழைத்துச் செல்லுங்கள். 'எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று சோதிக்காதீர்கள். பழக்கத்தால் கற்பவருக்குத் தவறும் பழக்கமாகப் பதிந்துவிடும். குளியலறைக் கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே இருப்பது கண்ணில் பட்டால் நினைவுக்கு வேலையில்லை. இடையில் ஊருக்கும் சென்னைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தப் பழக்கம் உருவாகாது. பனையோலையையும் அனுப்பி வையுங்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொலைசனுக்கும் ஈ.பி.க்கும் இருந்த சேதம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அப்பத்தாவின் நோய் நிற்காது, பழக்கத்தைத் தாங்கும் பகுதிகளையும் நாளடைவில் எட்டும். போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் அப்பாவும் சித்தப்பாவும்தான். போவதென்று முடிவானால், கை இன்னும் கற்கக்கூடிய இப்போதே போவது நல்லது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, அவர் கொட்டானிலும் தடுமாறத் தொடங்கிய பிறகு இடம் மாற்றாதீர்கள்.